ஏற்காட்டு மலைப்பாதையும் மைலேஜ் கூட்டும் கைவேலைகளும்

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். இடையிலுள்ள 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை இருபது கொண்டை ஊசி வளைவுகளின் வழியே ஏறி இறங்கும் ஒரு காருக்கு, சமவெளிக் கார்களுக்காக எழுதப்பட்ட மைலேஜ் யோசனைகளில் பாதி பொருந்துவதில்லை. சில யோசனைகள் ஆபத்தாகவே முடியும். பெட்ரோல் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டி நிலைத்துவிட்ட பிறகு, வீட்டு வாசலிலேயே ஸ்பேனரும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு காரில் சிறு மாற்றங்கள் செய்து எரிபொருளை மிச்சப்படுத்தும் ஆர்வம் நம் ஊரிலும் வளர்ந்திருக்கிறது. அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். தன் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தவர் அதைக் கவனமாகவே ஓட்டுவார். ஆனால் எந்த மாற்றம் எந்தச் சாலையில் பலிக்கும் என்ற கணக்கைப் போடாமல், வேறொரு நாட்டின் தட்பவெப்பத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் பொருந்திய வேலையை அப்படியே எடுத்துவந்து மலையேறும் காரில் பொருத்துவதுதான் எனக்குக் கவலை தருகிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இந்தக் கைவேலைகளின் வேர் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, 1974இல் அந்நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கி.மீ. என்ற வேக வரம்பு சட்டமாக்கப்பட்டது. பின்னர் 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டபோது, ஒரு சொட்டுப் பெட்ரோலையும் வீணாக்காமல் ஓட்டும் பழக்கத்துக்கு ‘ஹைப்பர்மைலிங்’ என்ற பெயர் பரவியது. நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி அதையே அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆர்வலர்கள் காரின் முன்கிரில்லை அட்டை வைத்து மூடினார்கள், சக்கரங்களுக்கு வழவழப்பான மூடிகள் போட்டார்கள், அடிப்பகுதியை பிளாஸ்டிக் தகட்டால் மறைத்தார்கள், பின்பக்கத்தைப் படகின் வால்போலக் குறுக்கி நீட்டினார்கள். 1999இல் வெளிவந்த முதல் ஹோண்டா இன்சைட்டின் பின்சக்கரங்கள் பாதி மூடப்பட்டிருந்ததும், அதன் காற்றுத்தடைக் குணகம் (எண் குறையக் குறையக் காற்றுத்தடை குறைவு) 0.25 அளவுக்குக் குறைந்திருந்ததும் இவர்களுக்குப் பெரிய தூண்டுதல். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவையெல்லாம் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும் தட்டையான சாலைக்காகவும், பெரும்பாலும் குளிர்ந்த காற்றுக்காகவும் பிறந்த யோசனைகள்.

ஓடும் காரை மூன்று விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன: டயர் உருளும்போது நசுங்கி மீள்வதால் ஏற்படும் உருளல் தடை, காற்றின் தடை, மேட்டில் ஏறும்போது காரின் சொந்த எடை. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். நல்ல தார்ச்சாலையில் உருளல் தடை எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, அதாவது 12 கிலோ பாரத்தைக் கயிறு கட்டித் தூக்குவது போன்ற விசை. வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறாது. காற்றுத்தடையோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. இந்த அளவுள்ள காருக்கு 40 கி.மீ. வேகத்தில் அது சுமார் 5 கிலோ, 80 கி.மீ. வேகத்தில் 19 கிலோ, 100 கி.மீ. வேகத்தில் 30 கிலோ. அறுபது கி.மீ. வேகத்தை ஒட்டி உருளல் தடையும் காற்றுத்தடையும் சமமாகின்றன. அதற்கு மேல் காற்றின் கை ஓங்குகிறது. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாக 45 முதல் 55 கி.மீ. வேகத்தைப் பரிந்துரைத்து வருவதன் காரணத்தை இந்த எண்களிலேயே காணலாம்.

இப்போது அதே காரை மலைப்பாதைக்குக் கொண்டுபோவோம். அடிவாரத்துக்கு மேல் சராசரியாக நூறு மீட்டர் ஓடினால் ஐந்தரை மீட்டர் ஏறுகிறோம் என்று வைத்துக்கொண்டால், காரின் எடையே அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை 66 கிலோ. உருளல் தடையைப்போல ஐந்தரை மடங்கு. முப்பது, நாற்பது கி.மீ. வேகத்தில் மலையேறும்போது இருக்கும் காற்றுத்தடையைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். ஆகவே காற்றை ஏமாற்றச் செய்த எந்தக் கைவேலையும் இந்தச் சாலையில் கண்ணுக்குத் தெரியும் பலன் தராது.

இன்னொரு வகையிலும் இதைப் பார்க்கலாம். 1,200 கிலோவை 1,200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் செலவாகும் ஆற்றல் சுமார் 14 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் இருந்தாலும், இன்ஜின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. எனவே உயரத்துக்காக மட்டுமே ஒன்றே முக்கால் லிட்டர் செலவாகிறது. உருளல் தடையையும் காற்றையும் சேர்த்தால் ஏறுவதற்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். இருபது கிலோமீட்டர் மலைப்பாதைக்கு இரண்டு லிட்டர் என்றால் ‘வண்டி பத்துதான் தருகிறது’ என்று மனம் சோர்வடைவது இயல்பு. ஆனால் இறங்கும்போது, முறையாக இறங்கினால், ஏறத்தாழ எதுவும் செலவாவதில்லை. ஏற்றத்தை மட்டும் அளந்தாலும் இறக்கத்தை மட்டும் அளந்தாலும் கிடைப்பது பொய்யான எண்ணே.

முறையாக இறங்குவது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மைலேஜின் பெயரால் இந்த மலையில் நடக்கும் மிகத் தவறான காரியம் நியூட்ரலில் இறக்குவதுதான். இன்ஜின் இழுக்கும் காற்றோடு பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் இருந்த காலத்தில் அதற்கு ஒரு நியாயமாவது இருந்தது. கியரில் இறங்கும்போது இன்ஜின் வேகமாகச் சுழலும்; அந்தச் சுழற்சி கார்புரேட்டர் வழியே பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கணினியின் கட்டளைப்படி பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வந்தபின் கதை தலைகீழாகிவிட்டது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினைச் சக்கரங்களே சுழற்றுகின்றன என்பதைக் கணினி உணர்ந்து, பெட்ரோல் தெளிப்பதை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. சுழற்சி ஐட்லிங் வேகத்தை, அதாவது வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் சுழலும் வேகத்தை, நெருங்கும்போதுதான் மறுபடி தெளிக்கத் தொடங்கும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கத் தொடர்ந்து பெட்ரோல் தேவைப்படுகிறது. சிறிய பெட்ரோல் கார் ஒன்று சும்மா நின்று ஓடுவதற்கே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். முக்கால் மணி நேர இறக்கத்தில் நியூட்ரல் ஒன்றையும் மிச்சப்படுத்துவதில்லை, கூடுதலாகவே செலவழிக்கிறது. மிக மெல்லிய சரிவில், கியரில் போட்டால் வண்டி வேகம் குறைந்து மறுபடி ஆக்சிலரேட்டர் தேவைப்படும் இடங்களில் மட்டும், நியூட்ரல் சிறிது மிச்சம் பிடிக்கும் என்பது உண்மை. ஏற்காட்டுச் சரிவு அப்படிப்பட்டதன்று. நூறு மீட்டருக்கு ஐந்தரை மீட்டர் இறங்கும் சாலையில் புவியீர்ப்பே தேவைக்கு மேல் தள்ளுகிறது.

தேவைக்கு மேல் தள்ளும் அந்த ஆற்றல் எங்கே போகிறது என்பதுதான் உயிரோடு தொடர்புடைய கேள்வி. மேலே ஏற்றிவைத்த 14 மெகாஜூலில், இறங்கும்போது உருளல் தடையும் காற்றும் மூன்று, நான்கு மெகாஜூலை எடுத்துக்கொள்ளும். மீதிப் பத்து மெகாஜூல் முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை இன்ஜினின் உள்தடை ஏற்றுக்கொள்கிறது. நியூட்ரலில் இறங்கினால் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் திரவம் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற தர வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்தபின் தர அளவு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு அந்த எண்கள் 230உம் 155உம். திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் உண்டாகி, பிரேக் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பருடைய காரில் நியூட்ரலில் இறங்கியபோது, கருகிய வாசனையும் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்ததும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. முதல் கியரைச் சிரமப்பட்டுப் போட்டு, மலைச்சுவரை ஒட்டி நிறுத்தினோம். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவோர் இன்னும் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள். பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கனத்துப்போகும், சாவியைத் தவறான நிலைக்குத் திருப்பினால் பூட்டிக்கொள்ளவும் கூடும். தேசிய நெடுஞ்சாலை 44இல் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாயில், பாரம் ஏற்றிய லாரிகள் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவது விபத்துகளுக்கு ஒரு காரணமாக மீண்டும் மீண்டும் சுட்டப்பட்டு வருவதை இப்பகுதியினர் அனைவரும் அறிவர்.

இதை அறிந்தபின், சக்கரத்துக்கு வழவழப்பான மூடி போடும் யோசனை ஏன் இங்கே ஒத்துவராது என்பது விளங்கும். சக்கரத்தின் துளைகள் வழியாகத்தான் பிரேக் டிஸ்க்கின் சூடு வெளியேறுகிறது. நெடுஞ்சாலையில் அந்தத் துளைகளை அடைத்தால் காற்றுத்தடை சிறிது குறையும். அதே மூடியோடு ஏற்காட்டிலிருந்து இறங்கினால், பிரேக்கை ஆறவிடாமல் செய்கிறோம். முன்கிரில்லை மூடுவதும் அப்படித்தான். குளிர்நாட்டில் இன்ஜின் சீக்கிரம் சூடாகவும் காற்று உள்ளே புகுந்து சுழன்று தடை ஏற்படுத்தாமல் இருக்கவும் அது உதவுகிறது. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் நாளில், இரண்டாம் கியரில் மெதுவாக, இன்ஜின் முழு மூச்சோடு ஏறும்போது, ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்றே குறைவு. அதையும் மறித்தால் வண்டி பாதி மலையில் நீராவி கக்கி நிற்கும். இன்ஜின் உறிஞ்சும் காற்றைச் சைலன்சர் பக்கத்திலிருந்து சூடாக எடுத்துத் தருவது இன்னொரு குளிர்நாட்டு உத்தி. பெட்ரோல் இன்ஜின் அரைகுறையாகத் திறந்த த்ராட்டில் (காற்றின் வரவைக் கட்டுப்படுத்தும் வால்வு) வழியே காற்றை இழுக்கப் படும் சிரமத்தை அது சிறிது குறைக்கும் என்பதே அதன் அடிப்படை. நம் ஊரில் காற்று ஏற்கெனவே சூடாகத்தான் வருகிறது, மேலும் சூடாக்கினால் பெட்ரோல் முறைதவறி எரிந்து இன்ஜின் தட்டும் ‘நாக்கிங்’ தொடங்கக் கூடும். அடிப்பகுதியைத் தகட்டால் மறைப்பவர்கள், சைலன்சரின் வெப்பத்துக்கும் நம் வேகத்தடைகளின் உயரத்துக்கும் அந்தத் தகடு தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். உருகித் தொங்கும் பிளாஸ்டிக் தீப்பிடிக்கக் கூடும்.

இவ்வளவு சொன்னதால் காற்றுத்தடையைக் குறைக்கும் வேலைகளுக்கு இங்கே இடமே இல்லை என்று பொருளில்லை. சேலத்திலிருந்து கோவைக்கோ பெங்களூருக்கோ உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சென்னைக்கோ வாரந்தோறும் போய்வருபவரின் பணம் காற்றில்தான் கரைகிறது. அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம் எதையும் பொருத்துவதில்லை, கழற்றுவதே. கூரைமேல் உள்ள கேரியர் அது. அமெரிக்க எரிசக்தித் துறையின் அளவீட்டின்படி, கூரைமேல் வைக்கும் பெட்டி நகருக்குள் 2 முதல் 8 விழுக்காடும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 விழுக்காடும், 105 முதல் 120 கி.மீ. வரையான வேகத்தில் 10 முதல் 25 விழுக்காடும் மைலேஜைத் தின்றுவிடும். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழிலில் இருப்பவர்கள் தார்ப்பாயைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டச் சொல்வதிலும் இதே அறிவு இருக்கிறது. காற்றில் படபடக்கும் ஒவ்வொரு மடிப்பும் டீசல் கேட்கும். நூறில் ஓட்டுபவர் எண்பதுக்கு இறங்கினால், மேலே சொன்ன கணக்குப்படி காற்றும் உருளலும் சேர்ந்த மொத்தத் தடை 42 கிலோவிலிருந்து 31 கிலோவாகக் குறைகிறது. கால் பங்குக்கு மேலான இந்தக் குறைவை ஒரு தகட்டாலோ ஒரு வாலாலோ எளிதில் பெற முடியாது. வலது காலை சிறிது தளர்த்தினால் அது கிடைத்துவிடுகிறது.

மலைக்கு உரிய மாற்றம் எடையைக் குறைப்பது. இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. உருளல் தடை எடையில் நூற்றில் ஒரு பங்கு என்பதால், எந்த ஒரு பொருளையும் 1,200 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் செலவு, அதே பொருளைச் சமவெளியில் 120 கிலோமீட்டர் சுமந்து செல்லும் செலவுக்குச் சமம். டிக்கியில் மறந்துபோன சிமெண்டு மூட்டை ஒன்று ஏற்காடு வரை போனால், அது பவானியைத் தாண்டி ஏறத்தாழ அவிநாசி வரை போவதற்கான கூலியை ஒரே ஏற்றத்தில் வாங்கிக்கொள்கிறது. இருந்தாலும் அளவை மிகைப்படுத்தக் கூடாது: ஐம்பது கிலோவுக்கு ஓர் ஏற்றத்தின் விலை சுமார் 75 மில்லிலிட்டர், ஏழெட்டு ரூபாய். மாதம் ஒருமுறை போகிறவருக்கு இது ஒன்றுமில்லை. எஸ்டேட்டிலிருந்து தினமும் இறங்கி ஏறுகிறவருக்கு ஆண்டு முடிவில் கணிசமான தொகை. டாங்கியைப் பாதி மட்டும் நிரப்பி எடையைக் குறைக்கும் வழக்கத்துக்கும் இதே தராசுதான். 35 லிட்டர் டாங்கியில் பாதிப் பெட்ரோலின் எடை பதின்மூன்று கிலோ. மிச்சம் இருபது மில்லிலிட்டர், இரண்டு ரூபாய். மலைமேல் பெட்ரோல் தீர்ந்து நிற்கும் சாத்தியத்தை அந்த இரண்டு ரூபாய்க்காக விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கிவிட்டுப் போவதையும் நான் ஏற்கமாட்டேன்.

எடையில் தயங்காமல் கழற்றக் கூடியது முன்பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பு. அதன் எடை, காற்றுத்தடை இரண்டும் ஒருபுறம் இருக்க, மோதலின்போது காரின் நசுங்கும் பகுதிகள் வேலை செய்வதையும் அது கெடுக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இத்தகைய தடுப்புகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பொதுவாகவே சட்டத்தின் எல்லையைக் கைவேலைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாக வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்கிறது. பின்பக்கத்தை வால்போல நீட்டுவது இதில் அடங்கும் என்பதில் ஐயமில்லை.

டயரில்தான் வீட்டுக் கைவேலைக்கு நேர்மையான பலன் இருக்கிறது. நான்கு டயர்களிலும் சராசரி அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. (டயர்க் காற்றை அளக்கும் அலகு) குறைந்தால் மைலேஜ் 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் அளவு. எண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பல மாதம் காற்றே பார்க்காத காரில் எட்டு, பத்து பி.எஸ்.ஐ. குறைந்திருப்பது அரிதன்று, அதைச் சரிசெய்யச் செலவும் இல்லை. சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும். முழு ஆட்களோடு போவதற்குத் தனி அளவும் பல கார்களில் அதிலேயே இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்சவரம்பு. ஹைப்பர்மைலிங் செய்பவர்களைப் பின்பற்றி அந்த உச்சவரம்புவரை காற்றடித்தால் உருளல் தடை குறையும், ஆனால் சாலையைப் பற்றும் பரப்பும் குறைந்துவிடும். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கி ஓரங்களில் பாசி படர்ந்திருக்கும் வளைவுகளில் அந்தப் பிடிப்பை இழக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

காற்றைப் பார்க்கும் இடமும் நேரமும் முக்கியம். ஓடிச் சூடான டயரில் அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் குறைத்தால் மறுநாள் காலையில் டயர் பசித்திருக்கும். ஆகவே சொந்தமாகக் காற்றழுத்தம் காட்டும் நல்ல கேஜ் ஒன்றை வாங்கி, காலையில் வண்டியை எடுக்கும் முன் வீட்டிலேயே அளப்பது சிறந்தது. மலைவாசிகளுக்கு இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கேஜ் காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. ஏற்காட்டில் வெளிக்காற்றின் அழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ இரண்டு பி.எஸ்.ஐ. குறைவு என்பதால், சேலத்தில் அடித்த டயர் மேலே இரண்டு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே பத்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால், உள்ளே அடைபட்ட காற்று சுருங்கி ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்து விடுவதால், கவலையின்றி ஏறலாம். இதேபோன்ற பொருத்தம் ஏ.சி. விஷயத்திலும் உதவுகிறது: ஏற்றத்தில் இன்ஜின் திணறும் இடத்தில்தான் வெளிக்காற்று குளிரத் தொடங்குகிறது, ஆகவே ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கினால், இந்தக் குறைந்த வேகத்தில் காற்றுத்தடை பெரிதாக அதிகரிப்பதில்லை, ஏ.சி. கம்ப்ரசரின் சுமையும் நீங்குகிறது.

பெரிய அளவு டயரும் அலாய் சக்கரமும் மாட்டியவர்கள் மைலேஜ் குறைந்துவிட்டதாகச் சொல்லும்போது, அதில் ஒரு பகுதி கணக்குப் பிழையாகவும் இருக்கலாம். டயரின் சுற்றளவு மூன்று விழுக்காடு கூடினால், மீட்டர் ஓடிய தூரத்தை மூன்று விழுக்காடு குறைத்துக் காட்டும். பெட்ரோல் சரியாகவும் தூரம் தவறாகவும் இருக்கும்போது மைலேஜ் எப்படிச் சரியாக வரும்?

கடைகளில் விற்கும் மாயப் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தத்துக்கு எந்தப் பலனும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்திய ஒன்றையும் அது காணவில்லை. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து இன்ஜினுக்குள் விடும் கருவி மட்டும் படித்தவர்களையும் ஈர்ப்பதால் அதன் கணக்கைப் போட்டுவிடலாம். அது 15 ஆம்பியர் மின்சாரம் எடுத்தால் சுமார் 200 வாட். அதைத் தர, காரின் மின்சாரத்தை உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் இன்ஜினிடம் 350 வாட் கேட்கும். அந்த 350 வாட்டுக்கு இன்ஜின் 1,400 வாட் அளவு பெட்ரோலை எரிக்கும். பதிலுக்குக் கிடைக்கும் ஹைட்ரஜனில் இருப்பதோ 120 வாட். எண்பது கி.மீ. வேகத்தில் அந்த இன்ஜின் மொத்தம் எரிக்கும் பெட்ரோல் ஏறத்தாழ 27,000 வாட் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த 120 எவ்வளவு என்பது தெரியும். ஏர் ஃபில்டரைப் பற்றியும் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. இன்ஜெக்டர் உள்ள பெட்ரோல் காரில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் இழுவை கூடும், மைலேஜ் அதிகரிக்காது என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துச் சொன்னது. வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே கணினி பெட்ரோலைத் தெளிக்கிறது. இன்ஜினைக் காப்பாற்ற ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும், மைலேஜை எதிர்பார்த்து அன்று.

செய்த மாற்றம் பலித்ததா என்று அறியும் இடத்தில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். பெட்ரோல் பங்க்கில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பும் முறையில், வண்டி நிற்கும் சாய்வையும் குழாயின் இயல்பையும் பொறுத்து அரை லிட்டர் முன்பின் ஆகும். முப்பது லிட்டரில் அரை லிட்டர் என்பது ஏறத்தாழ ஒன்றே முக்கால் விழுக்காடு. பெட்ரோலும் வெப்பத்தில் விரிவது. பத்து டிகிரி வேறுபட்டால் ஏறத்தாழ ஒரு விழுக்காடு கொள்ளளவு மாறும். ஆக, இரண்டு விழுக்காடு பலன் தரும் மாற்றம் ஒன்றை ஒரு டாங்கி பெட்ரோலில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதோடு, பெட்ரோலே மாறிவிட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2025இல் இருபது விழுக்காடு எத்தனால் கலப்பு என்ற இலக்கை நாடு எட்டியது. லிட்டருக்கு 32 மெகாஜூல் உள்ள பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கை, 21 மெகாஜூல் மட்டுமே உள்ள எத்தனால் பிடித்துக்கொண்டால், ஆற்றல் ஏழு விழுக்காடு குறைவது கணக்கிலேயே தெரிகிறது. எத்தனால் கலவாத பெட்ரோலுக்காக வடிவமைத்துப் பத்து விழுக்காட்டுக்குச் சீர்செய்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடு இழப்பு இருக்கும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் குறிப்பிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் வந்த மைலேஜோடு இன்றையதை ஒப்பிட்டுவிட்டு, வண்டியில் கோளாறு தேடி ஸ்பேனரை எடுப்பவர்கள் எத்தனாலால் வந்த இந்த இழப்பை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாற்றத்தைச் சோதிக்க விரும்புபவருக்கு நம் ஊரிலேயே நல்ல சோதனைச்சாலை இருக்கிறது. சேலத்தில் விடியற்காலையில் ஒரு பங்க்கில் நிரப்பி, அடிவாரம் வழியாக ஏறி, மலையின் இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக இறங்கி, அதே பங்க்கில் அதே குழாயில், வண்டியை அதே திசையில் நிறுத்தி நிரப்பினால், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிய சுற்று ஒன்று கிடைக்கும். ஒரு சுற்றுக்குச் செலவாகும் பெட்ரோல் குறைவு என்பதால், அரை லிட்டர்ப் பிழை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆகவே நான்கைந்து சுற்றுகளை ஒரே கணக்காகச் சேர்க்க வேண்டும். மாற்றத்துக்கு முன் ஒரு தொகுதி, மாற்றத்தோடு ஒரு தொகுதி, பிறகு அதைக் கழற்றிவிட்டு மறுபடி ஒரு தொகுதி. மூன்றாவது தொகுதியில் எண் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால், வேறுபாட்டுக்குக் காரணம் அந்த மாற்றம் அன்று. வெயிலோ, காற்றோ, ஓட்டியவரின் காலோ.

சோதனைக்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. மலைக்குப் போகாத ஒரு நாளில், சமவெளியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, வண்டியைத் தானாக நிற்கும்படி உருளவிட்டு, இறங்கியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்றைவிட ஒன்று மட்டும் அனலாக இருந்தால், அந்தச் சக்கரத்தின் பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. பிரேக் பட்டைகளை அழுத்தும் காலிப்பரின் ஊசியோ கைப்பிரேக் கேபிளோ இறுகியிருக்கும். அதைப் பட்டறையில் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்காதவரை, வேறு எந்த மாற்றத்தின் எண்ணையும் நம்ப முடியாது.